பதினொரு யூரோ

ஜெஸீமாவின் கணக்குக் கொப்பியில்
இன்னும் என் பெயருக்கு நேரே நிற்கிறது:
பதினொரு யூரோ.
ஜெனோவாவில் ரெண்டு கோப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல்,
சவோனாவில் குடை.
குடை அன்றைக்கே காற்றோடு போயிற்று.
கணக்குப் போகவில்லை.

ரெண்டு வருடம் சீட்டுப் பிடித்தோம்,
ஏறாவூரில் பன்னிரண்டு பெண்கள்.
கடைசிச் சீட்டு எனக்கு, அதற்கு முந்தியது அவளுக்கு.
"கோச்சியில கடல் பாக்கப் போறாளுகளாம்"
என்று மற்றப் பத்துப் பேரும் சிரித்தார்கள்.
நியாயம்தான்.
கடல் எங்களிடம் இருந்தது, கோச்சியும் இருந்தது,
ஆனால் ஒன்றையொன்று கண்டதில்லை.
மட்டக்களப்புத் தண்டவாளம்
கடலுக்குக் கொஞ்சம் முன்னமே களைத்து
ஸ்டேசனில் படுத்துவிடும்.

அங்கே அது கடலின் இடுப்பில் கிடந்தது.
சுரங்கம். இருட்டு. சட்டென்று நீலம்.
மறுகாவும் சுரங்கம், இருட்டு,
நீலத்தில் ஒரு படகு, படகில் ஒருவன் கொட்டாவி விடுகிறான்.
"கரண்ட் வந்து வந்து போறாப்போல இரிக்கி புள்ள"
என்றாள் ஜெஸீமா.
இறங்கிய ஊரெல்லாம் மீன்கடை தேடினாள்.
வாங்க அல்ல. விலை கேட்க.
ஒரு கிலோ சாளை மூவாயிரம் ரூபா என்று
பெருக்கிப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள்.
மீன்காரன் பயந்து நாற்காலி கொடுத்தான்.

மொந்தோனில் ரயில் நின்றது.
பெட்டிக்குள் மூன்று பொலிஸ்.
நாற்பது பேர் இருந்தோம்;
அவர்கள் கண்ணுக்கு ரெண்டு பேர்தான் தெரிந்தார்கள்.
வாய் திறக்க முன்னமே
என் கையில் அடையாள அட்டை.
பாஸ்போட் அல்ல,
கச்சேரியில் வரிசையில் நின்று எடுத்த நம் நாட்டு அட்டை.
அவன் அதைத் திருப்பினான், மறுபடி திருப்பினான்,
அந்த வட்டெழுத்துகளில் எங்கேயாவது
நான் இருக்கிறேனா என்று தேடினான்.

திரும்பினேன். பக்கத்து இருக்கையில் ஜெஸீமா இல்லை.

ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை.
அவளுடைய கால்களுக்கு அது தெரியவில்லை.
வண்டி நிற்கும். இறங்கு. பையைத் திற. நட.
அங்கால போய் ஏறு.
புணானையிலும் ரிதிதென்னையிலும்
பதினாறு வயதில் படித்தவை அந்தக் கால்கள்.
யன்னலால் பார்த்தேன்:
பையைத் தோளில் போட்டுக்கொண்டு
ரயிலுக்கு முன்னே நடந்துகொண்டிருந்தாள்,
பிரான்சுக்குள்,
எல்லாரும் ஏறிக்கொண்டு பின்னால் வருவோம் என்ற நம்பிக்கையில்.

"மதாம்! மதாம்!" என்று
அந்தப் பொலிஸ்காரனே ஓடிப்போய்க் கூட்டி வந்தான்.

நீஸ் வரைக்கும் சிரித்தோம்.
எனக்கு விக்கல் எடுத்தது.
அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து
பர்தாவின் ஓரம் நனைந்துபோனது.
பிறகு, மணலே இல்லாத அந்தக் கடற்கரையில்,
கூழாங்கல் மேல் குந்தி,
பையிலிருந்ததை ஒவ்வொன்றாய் வெளியே வைத்தாள்.
சீப்பு. மருந்து. கொப்பி. பேரீச்சம்பழம்.
"ஒண்டும் குறையல்ல" என்றாள்.
மறுகாவும் எண்ணினாள்.
நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நல்ல கடல். அலை கல்லை இழுக்கும்போது
அரிசி களைகிற சத்தம்.

இன்று மட்டக்களப்பில் அவளுக்குக் கிளினிக்.
முடிய, பஸ் வேண்டாம், கோச்சியில் போவோம் என்றாள்.
ஏறாவூருக்குப் பஸ்ஸில் அரை மணித்தியாலம்.
கோச்சிக்கு இரவாகும் வரை காத்திருந்தோம்,
வாங்கில் கச்சான் உடைத்தபடி.
ஏறியதும் யன்னல் பக்கம் தனக்கு என்றாள்.
வெளியே கடல் இல்லை. சுரங்கமும் இல்லை.
வேலிகள், ஒரு கேற்றில் காத்து நிற்கும் மோட்டார்சைக்கிள்கள்,
அவற்றின் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து வந்து போனது.

டிக்கட்டுக்குக் காசு கொடுத்தது நான்.
அதைக் கழிக்க வேண்டும் என்று கொப்பியை எடுத்தாள்.
கழிப்பதற்குள் ஏறாவூர் வந்துவிட்டது.
கோச்சி கொழும்புக்குப் போய்விட்டது.
இப்போது பிளாட்போமில்
போன் வெளிச்சத்தில் நின்று பார்க்கிறோம்,
பதினொரு யூரோவிலிருந்து
அறுபது ரூபா போனால்
மிச்சம் எவ்வளவு.